முகாம் போதாது, ஆலோசகர் வேண்டும்

தேர்வு முடிவு வரும் வாரத்தில்தான் பல பள்ளிகளுக்கு மனநலம் ஞாபகத்துக்கு வருகிறது. ஒருநாள் முகாம், கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி, கடைசியில் குழுப் படம். அத்தோடு கடமை தீர்ந்தது.

பிரிட்டன் இதைவிட மெனக்கெட்டது. 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 8,000-க்கும் அதிகமான மாணவர்களிடம் நடந்த 'மிரியட்' ஆய்வில், ஆசிரியர்களே பயிற்சி எடுத்து மனக்கவனப் பாடம் நடத்தினார்கள். 2022-இல் முடிவு வந்தது: வழக்கமான வகுப்பைவிடக் கூடுதல் பலன் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியைத் தொடவே இல்லையாம். பிள்ளைகள் பிள்ளைகள்தானே!

அதற்காக உளவியல் சிகிச்சையே வீண் என்று சொல்லிவிட முடியாது. கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடும் மனச்சோர்வில் இருந்த 495 பேரிடம் 'சங்கத்' அமைப்பு நடத்திய ஆய்வே அதற்குப் பதில். மருத்துவரின் வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் மூன்று மாதத்தில் மீண்டவர்கள் 39 சதவீதம். ஆலோசனையும் சேர்ந்து கிடைத்தவர்களில் 64 சதவீதம். ஓராண்டு கழித்தும் பலன் நிலைத்தது.

ஆலோசகர்கள் டாக்டர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். மனச்சோர்வு வந்தவர் முதலில் ஒதுங்குவார்; பக்கத்து வீட்டுப் பேச்சு நிற்கும், சமையல் அரைகுறையாகும். ஒதுங்க ஒதுங்கச் சோர்வு கூடும். இந்த வாரம் எதைத் திரும்பத் தொடங்கலாம் என்று ஆலோசகரும் அவரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். நடந்ததா, எங்கே தடைபட்டது என்று அடுத்த சந்திப்பில் பார்க்கிறார்கள். இப்படி ஆறு முதல் எட்டு அமர்வுகள், தேவையானால் வீட்டிலேயே. பேச்சின் ஒலிப்பதிவை வாரந்தோறும் சக ஆலோசகர்கள் கேட்டு மதிப்பெண்ணும் போட்டார்கள். முகாம்களில் இல்லாதது இந்தத் தொடர்ச்சியும் கண்காணிப்பும்தான்.

மூன்றில் ஒருவருக்கு இதுவும் போதவில்லை என்பது உண்மை. கந்துவட்டிக் கடனை எந்த ஆலோசகரும் அடைக்க முடியாது. ஆனால், 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி பதற்றம், மனச்சோர்வு போன்ற கோளாறு உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதத்தினர் சிகிச்சையையே எட்டவில்லை. 14416 என்ற மனநல உதவி எண் அவசரத்துக்குக் கைகொடுக்கும். வாராவாரம் வந்து உட்கார்ந்து பேசுவது வேறு வேலை.

தமிழகத்தில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறார்கள். மனச்சோர்வைக் கண்டறியும் சில கேள்விகளையும் அவர்கள் கேட்கலாம். ஆலோசனையையும் அவர்கள் தலையில் கட்டக் கூடாது. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தனி ஆலோசகர், முறையான சம்பளம், வாராந்திர மேற்பார்வை ஆகியவற்றுக்கு அரசு அடுத்த பட்ஜெட்டிலேயே பணம் ஒதுக்க வேண்டும்.