உடலியக்கம் படிப்போருக்கும் கைகொடுப்போம்

தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடு பலரின் பல்லையும் எலும்பையும் பதம்பார்த்துவிட்டது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டு நல்ல நீர் வந்தது. ஆனால், ஏற்கெனவே இறுகிப்போன மூட்டுகளுக்கு, மருத்துவரோடு சேர்ந்து ஏற்ற பயிற்சி சொல்லித்தர ஆள் வேண்டாமா? விளையாட்டில் துடிப்பான அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் காயமின்றி வளர்க்கவும் அதே அறிவு வேண்டும். உடலியக்கம் பற்றிய அந்தப் படிப்பு சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இம்மாவட்டத்தின் பென்னாகரத்துக் கூலித் தொழிலாளியின் மகள் அங்கே தங்கிப் படிப்பது எளிதல்ல. மாணவியருக்கான புதுமைப்பெண், மாணவருக்கான தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாநில அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் பெரிய துணைதான். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் அது போதாது. களத்தில் ஓடும் வீரருக்கு மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டம் உதவித்தொகை தருகிறது. அந்த வீரரின் தசையையும் மூட்டையும் படிப்பவருக்கும் உதவி சேர வேண்டும். ஆண்டுதோறும் இம்மாவட்டத்திலிருந்து பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே முழுதாக ஏற்கட்டும். படித்து முடித்ததும் அவர்கள் இங்குள்ள பள்ளிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இரண்டு ஆண்டுகள் பணியாற்றட்டும். செலவு சிறிது, பயன் ஒரு மாவட்டத்துக்கே.