டாக்டர் தரும் காகிதமும் ஒரு காஷன் ஆர்டர்தான்



சென்ற மாதம் நம் சங்கத்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகள் எம்.டி. முடித்துவிட்டு இங்கே நாக்பூரிலேயே சொந்தக் கிளினிக் திறக்கிறாள். "சார், நீங்கள் இஞ்சினீயர் ஆயிற்றே. மருந்துச் சீட்டும் பில்லும் அடிக்க ஒரு பிரிண்டர் வேண்டும். எது மலிவு?" என்று கேட்டார்.

நான் டிப்ளமா படித்தவன். 1983 முதல் 38 ஆண்டுகள் ரயில்வேயில் தண்டவாளத்தைக் கட்டிக் காத்தவன். கம்ப்யூட்டர் நிபுணன் அல்லன். ஆனாலும் "எது மலிவு" என்ற கேள்வியே தவறு என்பது என் கருத்து.

எங்கள் துறையில் காஷன் ஆர்டர் என்று ஒன்று உண்டு. பாதையில் வேலை நடக்கும் இடத்தில், எந்தக் கிலோமீட்டரில் எந்த வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று எழுதி, டிரைவரிடமும் கார்டிடமும் கொடுக்கும் காகிதம் அது. எழுதியவர் ஸ்டேஷனில் இருந்துவிடுவார். படிப்பவரோ நள்ளிரவில், ஆடுகிற எஞ்சினில், மங்கிய வெளிச்சத்தில் படிக்க வேண்டும். 30 என்பது 80 ஆகத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்துச் சீட்டும் இப்படித்தான். எழுதிய டாக்டர் கிளினிக்கில் இருப்பார். படிப்பது மருந்துக் கடைப் பையனும், வீட்டில் மூக்குக்கண்ணாடியைத் தேடும் பாட்டியும். மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடுமானால் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதியைத் திருத்தியதும் இதனால்தான்.

சொந்த அனுபவம் ஒன்றும் உண்டு. 2022-இல் என் மனைவிக்கு நெஞ்சில் சங்கடம் என்று சென்னைக்கு அழைத்துப் போனேன். பழைய ஃபைலை எல்லாம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் பத்திரமாக மடியிலேயே வைத்திருந்தேன். அங்கே டாக்டர், "இரண்டு வருஷத்துக்கு முன் எடுத்த ஈ.சி.ஜி. இருக்கிறதா?" என்று கேட்டார். பெருமையாக எடுத்து நீட்டினேன். பிளாஸ்டிக் உறைக்குள் வெறும் காகிதம்தான் இருந்தது, கோடுகள் மறைந்துவிட்டன. இதயத்தில் தெரிந்த மாறுதல் பழையதா புதியதா என்று சொல்ல முடியாமல் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். நல்லவேளை, பழையதுதான். அந்த நான்கு இரவும் நான் தூங்கவில்லை.

அந்தக் காகிதம் தெர்மல் காகிதம். அதில் மையே கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு மட்டும்தான். வெயில், வெளிச்சம், மலிவான பிளாஸ்டிக் உறையில் உள்ள ரசாயனம் எல்லாமே அதைக் கெடுக்கும். நம் நாக்பூரின் மே மாதத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தெர்மல் பிரிண்டர் பில்லுக்குப் போதும். மருந்துச் சீட்டுக்கும் பரிசோதனை முடிவுக்கும் கூடவே கூடாது.

இங்க்ஜெட்டில் படம் அழகாக வரும். ஆனால் பல இங்க்ஜெட் மைகள் தண்ணீர் பட்டால் ஓடிவிடும். ரயிலில் வாட்டர் பாட்டில் சிந்தினால் மருந்தின் அளவும் சேர்ந்து கரையும். சில வாரம் கிளினிக்கை மூடிவிட்டு ஊருக்குப் போய் வந்தால் நுண்துளைகளில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். லேசர் பிரிண்டரின் டோனர் பிளாஸ்டிக் கலந்த பொடி. சூட்டில் உருகிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்வதால் ஈரம் பட்டாலும் எழுத்து நிற்கும். ஆகவே கறுப்பு மட்டும் அடிக்கும் லேசரே போதும் என்றேன்.

விலைக்கு வருவோம். ஒரு நாளைக்கு 60 பக்கம், மாதம் 25 நாள் என்றால் வருஷத்துக்கு 18,000 பக்கம். பக்கத்துக்கு 2 ரூபாய் ஆனால் 36,000 ரூபாய். 50 பைசா ஆனால் 9,000 ரூபாய். வித்தியாசம் 27,000. மலிவாக வாங்கிய பிரிண்டர் ஒரே வருஷத்தில் காசைப் பறித்துவிடும். குறைந்த டெண்டருக்கே ஆர்டர் கொடுத்துவிட்டு, பிறகு ஸ்பேர் பார்ட்ஸுக்கு அலைந்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு. எனவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது பிரிண்டர் விலையை அல்ல. டோனர் என்ன விலை, எத்தனை பக்கம் வரும், ரிப்பேருக்கு ஆள் இந்த ஊரிலேயே உண்டா என்பதைத்தான்.

இன்னும் சில விஷயங்கள். லேசர் சூடாகும்போது மின்சாரம் அதிகம் இழுக்கும். கம்ப்யூட்டரின் சின்ன யு.பி.எஸ்.ஸில் மாட்டக்கூடாது. சீட்டு ஏ5 அளவு என்றால் டிரே அதை ஏற்குமா என்று அடித்துப் பார்த்து வாங்க வேண்டும். புடைத்த எழுத்தில் அச்சிட்ட லெட்டர்ஹெட் லேசருக்குள் போனால் எழுத்து உருகிவிடும். பிரிண்டரை வரவேற்பு மேஜையில் வைக்காமல் டாக்டரின் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது நல்லது. ஒருவருடைய நோயை வரிசையில் நிற்கும் இன்னொருவர் படிக்க வேண்டாமே.

"எல்லாம் மொபைலில் வந்துவிடுமே, காகிதம் எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கலாம். மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் 2021-இல் தொடங்கியிருக்கிறது, வரட்டும், நல்லதுதான். ஆனால் ஊரிலிருந்து நம் வீட்டுக்கு வந்திருக்கும் அம்மாவுக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. மொபைலைத் திறக்கவும் தெரியாது. "காலை, இரவு, சாப்பாட்டுக்குப் பின்" என்று தமிழில் பெரிய எழுத்தில் அடித்த சீட்டு இருந்தால், நாம் அலுவலகம் போன பிறகும் அவர் தாமாகவே மாத்திரை சாப்பிடுவார். கம்ப்யூட்டருக்கு எந்த எழுத்தும் ஒன்றுதான். டாக்டருக்கு மனம் வேண்டும், அவ்வளவுதான்.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "மாமா, மராத்தி, இந்தி, தமிழ் மூன்றிலும் அடித்துத் தருகிறேன்" என்றாள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தெர்மல் காகிதத்தில் ஈ.சி.ஜி. இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கோடுகள் தெரியும்போதே ஜெராக்ஸ் எடுத்து, மேலே தேதியையும் பெயரையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த நகலும் ஃபைலில் இருக்கட்டும்.