பனி தின்றது போக மிச்சம்

2023 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்குத் தெற்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, ஃபோர்ட் வேலி பக்கம் ஒரு சாலையோரப் பழக்கடை. நான், மனைவி, மகள், மாப்பிள்ளை, ஐந்து வயதுப் பேரன் எல்லோரும் இறங்கிப் போய் நின்றோம். நீளமான மேசை. அதன் மேல் ஒன்பதே ஒன்பது கூடை பீச் பழம். 2019-ல் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு இதே கடைக்கு வந்தபோது மேசை கொள்ளாமல் தரையிலும் அடுக்கியிருந்தார்கள்.

கூடைக்கு ஒன்பது பழம். விலை 14 டாலர். மாப்பிள்ளை அட்டையை நீட்டிவிட்டார். நான்தான் பழக்கதோஷத்தில் ரூபாயில் பெருக்கினேன். ஏறக்குறைய 1,150. பழம் ஒன்று 125 ரூபாய்க்கு மேல். எனக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி. இந்தக் காசுக்கு அங்கே பேரம் பேசாமலே ஒரு கூடை செந்தூரா மாம்பழம் வாங்கலாம். முகம் சுண்டியதைப் பார்த்துவிட்டார் போல, கடைக்கார அம்மா. "இந்த வருஷம் இதுதான் இருக்கு, ஹனி" என்றார். அந்த ஊரில் எழுபது வயதுக் கிழவனையும் ஹனி என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் மனைவிக்கு அது இன்றுவரை பிடிக்கவில்லை.

பீச் பழத்தைப் பற்றிச் சொல்கிறேன். அகராதியில் குழிப்பேரி என்றிருக்கிறது, பேச்சில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "பீச் வாங்கப் போனோம்" என்று ஊருக்கு போன் போட்டால், "கடற்கரையில் என்ன வாங்கினீர்கள்?" என்கிறான் நண்பன்.

ஜார்ஜியா மாநிலத்துக்கு இந்தப் பழம்தான் அடையாளம். கார் நம்பர் பலகையில் பீச் இருக்கிறது. 1995-ல் சட்டப்படி மாநிலப் பழமாகவும் அறிவித்துவிட்டார்கள். அட்லாண்டாவில் பீச்ட்ரீ என்று பெயர் வைத்த தெருக்கள் ஒன்றிரண்டல்ல. வழி கேட்டால் எந்த பீச்ட்ரீ என்று திருப்பிக் கேட்பார்கள். ஆனால் விளைச்சலில் முதலிடம் கலிஃபோர்னியாவுக்கு. பக்கத்து மாநிலமான தெற்கு கரோலினாவும் ஜார்ஜியாவை விட அதிகம் விளைவிக்கிறது. அதை ஊருக்கே சொல்லிக் காட்டுவதற்காக 1981-ல் கேஃப்னி என்ற ஊரில் நெடுஞ்சாலை ஓரமாக பீச் பழ வடிவத்தில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டி வைத்தார்கள். சார்லட் நகரத்துக்குப் போகிற வழியில் பார்த்தேன். பங்காளிச் சண்டைக்கு இவ்வளவு அழகான சின்னத்தை நம்மூரில் பார்த்ததில்லை.

அந்த 2023-ல் ஜார்ஜியாவின் பீச் விளைச்சலில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. 2017-லும் ஏறக்குறைய 80 சதவீதம் போனது. பனி அடித்துவிட்டது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம், ஆனால் நடந்தது அதைவிடக் கோணலானது. பீச் மரத்துக்குக் குளிர் வேண்டும். இலை உதிர்த்துத் தூங்கும் மரம், 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. ரகத்துக்கு ஒரு கணக்கு. 700, 800 மணி நேரம் கேட்கிற ரகங்கள் அங்கே உண்டு. கணக்கு நிரம்பாவிட்டால் பூப்பது தாறுமாறாகிவிடும். 2023-ன் குளிர்காலம் போதிய குளிரைத் தரவில்லை. பிப்ரவரியில் வெயில் இளம்சூடாக அடிக்க, பல மரங்கள் வேளைக்கு முன்பே பூத்துவிட்டன. பூத்து நிற்கும்போது, மார்ச் நடுவில் உறைபனி வந்தது. தை மாதம் வரவேண்டிய விருந்தாளி பங்குனியில் வந்த கதை.

மொட்டாக மூடிக்கிடக்கும்வரை பூ எவ்வளவோ குளிரைத் தாங்கும். விரிந்த பூ அப்படியில்லை. மைனஸ் 3 டிகிரியில் அரை மணி நேரம் நின்றால் பத்தில் ஒன்று கருகும். இன்னும் ஒன்றரை டிகிரி இறங்கினால் பத்தில் ஒன்பது போய்விடும். அந்த ஒன்றரை டிகிரிக்காகத்தான் விவசாயி விடிய விடியத் தோட்டத்தில் நிற்கிறார். காற்றில்லாத, மேகமில்லாத இரவென்றால் வழி இருக்கிறது. தரைச்சூடு மேலே ஏறி, மரத்தின் உச்சிக்கு மேல் ஒரு வெதுவெதுப்பான அடுக்காக நிற்கும். கம்பத்தில் பொருத்திய பெரிய விசிறியைச் சுழற்றி அதைக் கீழே இழுக்கலாம். சிலர் ஹெலிகாப்டரையே வாடகைக்கு எடுத்துத் தோப்புக்கு மேல் பறக்கவிடுகிறார்கள். தண்ணீர் தெளித்துப் பூவைப் பனிக்கட்டிக்குள் அடைத்துக் காப்பாற்றுவதும் உண்டு, தண்ணீர் உறையும்போது வெளிவிடும் சூட்டில் பூ பிழைத்துக்கொள்ளும். வடக்கிலிருந்து குளிர்காற்றே அடித்தால் எதுவும் செல்லாது.

கடைக்கார அம்மா சொன்ன இன்னொன்று எனக்குப் பெரிய ஆச்சரியம். பத்தில் எட்டுப் பூ போனாலும் சில வருஷம் கவலையில்லையாம். எப்படியும் நல்ல வருஷத்தில் அவர்களே பிஞ்சுகளைக் கையால் பறித்துக் கீழே போட்டுவிடுகிறார்கள், கொப்பில் ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்று நிற்கும்படி. அப்போதுதான் பழம் பெருக்கும். பூத்ததெல்லாம் காய்க்க மாமரமும் விடுவதில்லையே என்றேன். மகள் மொழிபெயர்த்தாள். "பனிக்கு எண்ணத் தெரியாது" என்றார் அவர். ஒரு மரத்தில் முழுக்க வழித்துவிட்டுப் பக்கத்து மரத்தில் நாலை விட்டுவைக்குமாம்.

அந்த நாலுதான் மேசையில் இருந்தது. பார்வைக்கு அவ்வளவு சேர்த்தியில்லை. சிலது பருத்து, காம்புப் பக்கம் வாய் பிளந்திருந்தது. மரத்தில் காய் குறைந்தால் இருக்கிற காய் வேகமாகப் பெருக்கும், உள்ளே கொட்டை இரண்டாகப் பிளந்துவிடும். பூவிலேயே பனி பட்டாலும் இப்படி ஆவதுண்டு. பிளந்த இடத்தில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாப்பிட வேண்டும். எங்களுக்கு முன்னால் வந்த ஒரு குடும்பம் கூடையைத் தூக்கிப் பார்த்து, விலையைப் பார்த்து, வைத்துவிட்டுப் போனது. நல்ல வருஷத்தில் இவர்கள்தான் பெட்டி பெட்டியாகப் படமெடுத்துப் "பக்கத்துத் தோட்டத்துப் பழம்" என்று ஊரெல்லாம் அனுப்புகிறவர்கள் என்று எனக்குத் தோன்றியது. அவர்களை எனக்குத் தெரியாது. அநியாயமாகவும் இருக்கலாம்.

என் கட்சி இதுதான். ஊர்ப் பழம் வேண்டுமென்றால் ஊரின் பனியும் அதில் சேர்த்திதான். காய்க்காத வருஷமும் அந்த மரத்தைக் கவாத்து செய்யவேண்டும், மருந்தடிக்கவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் காய்க்காது. மெக்சிகோவிலிருந்து பருவ வேலைக்கு வருகிறவர்களுக்குப் பறிக்கப் பழமில்லை என்றால் கூலியும் குறைகிறது. காப்பீடு ஓரளவு தாங்கும். மிச்சத்தை யார் தாங்குவது? 14 டாலர் எனக்கு வலித்தது. ஒன்பது பழத்துக்கு அல்ல, அடுத்த வருஷமும் அந்த மேசை அங்கே இருப்பதற்குக் கொடுத்தேன் என்று பிற்பாடு மனசைத் தேற்றிக்கொண்டேன். இது எல்லோருக்கும் சொல்லக்கூடிய யோசனையில்லை என்பதும் தெரியும். கையில் காசு எண்ணிச் செலவழிக்கிற வீட்டில் ஒரு கூடை வேண்டாம். அந்த வருஷம் ஆளுக்கு ஒரு பழம் போதும்.

பேரங்காடியில் அந்த வாரமும் பீச் குவிந்திருந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது. சிவப்பாக, தழும்பில்லாமல், விலையும் சல்லிசு. வாங்கினோம். வாயில் போட்டால் ஈர மாவு. இதிலும் குளிர்தான் வில்லன். முழுசாகக் கனியாத பீச்சை இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் பல நாள் வைத்தால் சதை சாறிழந்து மாவாகிவிடும். வீட்டுக் குளிர்பெட்டியிலும் கிட்டத்தட்ட அதே சூடுதான். அதனால் காயாக வாங்கினால் வெளியே, காகிதப் பைக்குள் வைத்துக் கனியவிட வேண்டும். நிறத்தை நம்பவும் கூடாது. சிவப்பு வெயில் பட்ட பக்கம், அவ்வளவுதான். அடிநிறம் பச்சை போய் மஞ்சள் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, காம்படியில் முகர்ந்து பார்த்து எடுக்கவேண்டும். மாம்பழம் முகர்ந்து வளர்ந்த மூக்குக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வேறொரு சாலையில் ஒரு கடையில் "ஜார்ஜியா பீச்" என்று பெரிய பலகை. பின்னால் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டியில் வேறு மாநிலத்தின் பெயர். நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஊரிலும் பூ கருகின வருஷம், எங்கிருந்தோ லாரியில் வந்து இறங்கும் மாம்பழம் இரவோடு இரவாக உள்ளூர்க்காரனாகிவிடும். பொய்ப் பலகையை விட வெறும் மேசை மேல்.

ஃபோர்ட் வேலியில் வாங்கிய ஒன்பது பழத்தில் ஆறைப் பழமாகவே தின்றோம். சாறு முழங்கைவரை வழிந்தது. பேரன் சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தான். இரண்டு கெட்டியாகவே இருந்தன, என் மனைவி அவற்றை நறுக்கி வெல்லமும் மிளகாயும் போட்டு மாங்காய்ப் பச்சடி மாதிரியே செய்தாள். ஒன்றில் பூச்சி.

2024-ல் அதே அம்மாவின் கடைக்குத் திரும்பப் போனோம். அந்த வருஷம் நன்றாகக் காய்த்திருந்தது, மேசையில் இடமில்லை. சனங்கள் ஒவ்வொன்றாக எடுத்து, உருட்டி, புள்ளி இருந்தால் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் கொடுத்த மாதிரி வாய் பிளந்த பழம் இருக்கிறதா என்று மகளைக் கேட்கச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியைக் காலால் இழுத்துப் போட்டார்.