நிறுத்துவதும் சிகிச்சையே

குடல் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை; கஞ்சி அருந்துகிறார். ஆன்டிபயாட்டிக் ஊசி இனி வேண்டாம் என்றதும் உடனிருப்போர் கேட்கிறார்கள்: "டாக்டர், இன்னும் ஐந்து நாள் போட்டால் பாதுகாப்புதானே?" அக்கேள்விக்குள் இருக்கும் அன்பை நாங்கள் அறிவோம். ஆயினும் எங்கள் விடை "இல்லை" என்பதே.

நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் இயல்பாகவே வாழ்கின்றன. தேவையின்றிச் செலுத்தப்படும் மருந்து, அடங்கும் கிருமிகளை அழித்து, அடங்காதவற்றுக்கு இடமளிக்கிறது. பின்னர் குடல் தையலில் கசிவு ஏற்பட்டால், வயிற்றுக்குள் பரவுபவை அந்த அடங்காத கிருமிகளாகவே இருக்கக்கூடும். கிளெப்சியெல்லா போன்றவை கார்பபெனம் வகை மருந்துக்கும் கட்டுப்படாதபோது, எஞ்சும் மருந்துகள் மிகச் சில. அவற்றுள் ஒன்றான கொலிஸ்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. அத்தகைய கல்ச்சர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, குடும்பத்தாரிடம் சொல்லச் சொல்லின்றி நாங்கள் நின்றதுண்டு.

அறுவை சிகிச்சை முடிந்தபின், தடுப்புக்காக மட்டும் ஆன்டிபயாட்டிக்கைத் தொடர வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அறிவுறுத்தியது. வயிற்றுக்குள் தொற்று ஏற்பட்ட 518 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், சீழை வெளியேற்றுதல் போன்ற முறைகளால் தொற்றின் மூலத்தை அகற்றியபின், ஏறத்தாழ நான்கு நாள் மருந்து எட்டு நாள் மருந்துக்கு ஈடான பலன் தந்தது. மூலத்தை அகற்றாமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதால் பெரும்பாலும் பயனில்லை.

பிழை மக்களுடையது மட்டுமன்று. "எதற்கும் இருக்கட்டும்" என அச்சத்தால் மருந்தெழுதியவர்களில் நாங்களும் உண்டு. அதைத் திருத்திக்கொள்ள உங்கள் துணையை வேண்டுகிறோம்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாதங்களில் உட்கொண்ட ஆன்டிபயாட்டிக்குகளை மறவாமல் தெரிவியுங்கள். நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கைகளைத் தூய்மை செய்யுங்கள். நாங்கள் மறந்தால் தயங்காமல் நினைவூட்டுங்கள். எந்தக் கிருமிக்காக, எத்தனை நாள் மருந்து என்று கேளுங்கள். எழுதிய நாள்களை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வீடு திரும்பியபின் காய்ச்சல், காயத்தில் நீர்க்கசிவு, வயிற்று உப்புசம், கூடிவரும் வலி ஆகியவற்றில் எது தோன்றினும், மருந்துக் கடைக்குச் செல்லாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

உரிய நாளில் மருந்தை நிறுத்துவது அலட்சியம் அன்று. நாளை மெய்யாகவே தேவைப்படும்போது அம்மருந்து வேலை செய்ய வேண்டும் என்ற அக்கறையே அது.