இளையோருக்கு ஒரு மூத்த துணை: தொண்டர் தொகையும் உறவின் ஆயுளும்

நியூயோர்க் நகரின் சிறார் நீதிமன்றத்தில் எழுத்தராகப் பணியாற்றிய ஏர்னஸ்ட் கூல்ட்டர் 1904ஆம் ஆண்டு ஒரு கூட்டத்தில் வேண்டுகோள் ஒன்றை விடுத்தார். வழக்குகளில் சிக்கும் சிறுவர் ஒவ்வொருவருக்கும் நல்ல நிலையிலுள்ள ஒருவர் அண்ணனாக இருக்க முன்வரவேண்டும் என்பதே அது. 39 பேர் முன்வந்தனர். இன்று "பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்" என்ற பெயரில் பல நாடுகளில் இயங்கும் அமைப்பின் தொடக்கம் இதுவே. தொண்டர் ஒருவரை இளையவர் ஒருவருடன் இணைத்து வாரந்தோறும் சில மணி நேரம் கழிக்கச் செய்யும் இம்முறை, அரசுகள் பெரிதும் விரும்பும் சமூகத் திட்டங்களில் ஒன்றாக உள்ளது. செலவு குறைவு என்பது அதற்கு ஒரு காரணம்.

ஆனால் இது பயன் தருகிறதா?

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு. எட்டு இடங்களில் 10 முதல் 16 வயது வரையான 959 பேரை அது ஆராய்ந்தது. துணை கிடைத்தவர்கள் புதிதாகப் போதைப்பொருள் பழக்கத்துக்கு ஆளாகும் வாய்ப்பு, காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிட 46 வீதம் குறைவாகக் காணப்பட்டது. பாடசாலைக்கு வராத நாட்களும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன. இவர்களுள் பெரும்பாலானோர் மாதம் மூன்று முறையாவது, ஒவ்வொரு முறையும் மூன்று, நான்கு மணி நேரம் தம் துணையைச் சந்தித்தவர்கள். நிதி கோருவோர் 46 என்ற எண்ணைச் சொல்வார்கள். இந்த மணித்தியாலக் கணக்கைச் சொல்வது அபூர்வம்.

அதே தரவுகளை ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் ஆகியோர் மீண்டும் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு கவலைக்குரியது. ஓராண்டு அல்லது அதற்கு மேல் நீடித்த உறவுகளே அதிக நன்மை தந்தன. மூன்று மாதங்களுக்குள் முறிந்த உறவுகளில் இளையோரின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தது. தந்தையோ தாயோ விலகிச் சென்ற வீட்டிலிருந்து வரும் ஒரு பிள்ளைக்கு, தானாக வந்த இன்னொருவரும் விலகிச் செல்வது என்ன சொல்லும் என்பதை ஊகிக்கப் புள்ளிவிபரம் தேவையில்லை.

இதைவிடப் பழைய எச்சரிக்கையும் உண்டு. மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சோமர்வில் ஆய்வில் 506 சிறுவர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்கு ஆலோசகர்கள் அமர்த்தப்பட்டனர். இவர்கள் தொண்டர்கள் அல்லர், ஊதியம் பெற்றவர்கள். ஆயினும் அடிப்படை எண்ணம் ஒன்றே. சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவர்களைத் தேடிச் சென்ற ஜோன் மெக்கோர்ட், 1978இல் தம் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் பலர் அத்திட்டம் தமக்கு நன்மை செய்ததாகவே நம்பினர். பதிவேடுகளோ, குடிப்பழக்கத்திலும் மீண்டும் குற்றமிழைப்பதிலும் அவர்களே மோசமான நிலையில் இருந்ததைக் காட்டின. பயனாளிகளின் நன்றியுரைகளைக் கொண்டு ஒரு திட்டத்தை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனினும் அரசியல்வாதிகளைக் கவர்வது தொண்டர்களின் தொகையே. 2003 ஜனவரியில் அதிபர் ஜோர்ஜ் புஷ் இத்தகைய திட்டங்களுக்கென 45 கோடி டொலரை முன்மொழிந்தார். பாடசாலைகள் வழியே மத்திய கல்வித் திணைக்களம் நடத்திய திட்டத்தை மதிப்பிட்ட 2009ஆம் ஆண்டு அறிக்கை, குறிப்பிடத்தக்க ஒட்டுமொத்தப் பயன் எதையும் காணவில்லை. அங்கு உறவுகள் சராசரியாக ஆறு மாத அளவே நீடித்திருந்தன. அதன்பின் அந்த நிதி நிறுத்தப்பட்டது. தோற்றது கூல்ட்டரின் எண்ணமா, அல்லது அவசரமாக அதைப் பெருக்கிய முறையா என்ற கேள்வி அத்துடன் கைவிடப்பட்டுவிட்டது.

புலம்பெயர் தமிழருக்கும் இது அந்நிய விவகாரம் அல்ல. 1990களின் பிற்பகுதியில் டொரொன்டோவில் தமிழ் இளைஞர் குழுக்களிடையே வன்முறை மூண்டபோது, அதற்கு மாற்றுவழி தேடி இளைஞர்களே அமைப்புகளை உருவாக்கினர். அங்கு தொண்டர்களுக்குப் பஞ்சமில்லை என்று தோன்றலாம். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பாடசாலை மாணவர் ஒவ்வொருவரும் 40 மணி நேரச் சமூகசேவை செய்தாக வேண்டும். ஆனால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் அது ஐந்து மாதங்களில் தீர்ந்துவிடும். நூலகத்துக்கோ விழா மண்டபத்துக்கோ அது போதும். ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் போதாது.

பொருத்தமானவரைத் தெரிந்தெடுப்பது, காவல்துறைப் பதிவுகளைச் சரிபார்ப்பது, பெற்றோருடன் பேசுவது, உறவு தளரும் வேளையில் தொண்டரை அழைத்து விசாரிப்பது ஆகியவற்றுக்குச் சம்பளம் பெறும் இணைப்பாளர் ஒருவர் தேவை. தொண்டு இலவசம் என்று எண்ணும் சமூக அமைப்புகள் பெரும்பாலும் முதலில் வெட்டுவது அந்தச் சம்பளத்தையே.