எந்தத் தரகர் நல்லவர் என்று என்னைக் கேட்பவர்களுக்கு

கடந்த மாதம் கட்டைபறிச்சானில் அக்கா வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். மருமகன் தன் கைப்பேசியை என் முன்னே நீட்டினான். திரையில் ஐந்து செயலிகள்.

"மாமா, இதில எது நல்லது எண்டு சொல்லுங்க. மூணு இலட்சம் போடப் போறன்."

அந்த மூன்று இலட்சம் ஏது என்று கேட்டேன். அக்கா மாதாமாதம் கட்டிய சீட்டுக் காசாம். வீட்டுக்கூரை மாற்றுவதற்கென்று வைத்திருந்தது.

ஐந்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இரண்டு மட்டுமே கொழும்புப் பங்குச் சந்தையில் உறுப்புரிமை பெற்ற தரகு நிறுவனங்களுக்கு உரியவை. ஒன்று வெளிநாட்டு நாணயங்களின் ஏற்ற இறக்கத்தில் பந்தயம் கட்டுவது. மற்றொன்று கிரிப்டோ. கடைசியாக உள்ளதில் பங்கும் இல்லை, சந்தையும் இல்லை; ஆள் சேர்த்தால் காசு வரும் என்பதே அதன் முழுத் தத்துவம். ஐந்துமே வட்ஸ்அப் குழுவொன்றில் 'ஒன்லைன் முதலீடு' என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்திருந்தன.

எது நல்ல தரகர் என்ற கேள்விக்கு விடை தேட உலகெங்கும் பட்டியல்கள் உண்டு. தமிழில் யூடியூப் காணொளிகளுக்கும் குறைவில்லை. ஆனால் நம்மவர்கள் அதற்கு முந்தைய கேள்வியைக் கேட்பதில்லை. இவர் உண்மையிலேயே தரகர்தானா?

அதற்கு விடை காண்பது எளிது. பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் உரிமம் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல் பகிரங்கமானது. 1987ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் வந்த 19ஆம் இலக்கச் சட்டமும் உரிமமின்றி இத்தொழிலைச் செய்ய இடம் தரவில்லை. கிரிப்டோ குறித்து மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் எச்சரித்துவிட்டது. ஆள்சேர்ப்புப் பிரமிட் திட்டங்களை வங்கிச் சட்டமே தடைசெய்கிறது. இத்தனையும் இருந்தும் மூதூர்ப் பக்கத்துக் கிராமமொன்றின் திண்ணைவரை அவை வந்து சேர்கின்றன என்றால், எச்சரிக்கை எந்த மொழியில், எந்த வழியில் போகிறது என்று கேட்க வேண்டாமா?

இங்கே என் தொழிலின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 2008இல் ஆங்கில வகுப்புகளால் நாடறியப்பட்ட சக்வித்தி ரணசிங்க வைப்பாளர்களின் பணத்தோடு தலைமறைவானார். அதே ஆண்டின் இறுதியில் கோல்டன் கீ சரிந்தது. அன்று நான் பணிபுரிந்த பத்திரிகை அத்தகைய வட்டிக் கவர்ச்சி விளம்பரங்களை முழுப்பக்கத்தில் வெளியிட்டுச் சம்பாதித்தது. பின்னர் ஏமாந்தவர்களின் கண்ணீரை முதற்பக்கத்தில் போட்டு மேலும் சம்பாதித்தது. விளம்பரப் பகுதிக்கும் ஆசிரியர் பீடத்துக்கும் இடையில் சுவர் உண்டு என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். இன்றைய 'சிறந்த பத்துச் செயலிகள்' பட்டியலில் அந்தச் சுவர்கூட இல்லை. இணைப்பை அழுத்திக் கணக்குத் திறந்தால் பட்டியலிட்டவருக்குத் தரகுப்பணம் கிடைக்கும் ஏற்பாடு பெரும்பாலும் அதற்குள் இருக்கிறது.

சரி, உரிமம் பெற்ற தரகர்களிடமே வருவோம். "கட்டணம் எங்கே குறைவு?" என்பது எல்லோரும் கேட்பது. கொழும்பில் சிறு முதலீட்டாளருக்கு அக்கேள்வியால் பயன் அதிகமில்லை. 10 கோடி ரூபாவரையான கொடுக்கல் வாங்கலுக்குத் தரகருக்கு 0.64 வீதம், பங்குச் சந்தை, மத்திய வைப்பகம், ஆணைக்குழு, அரசின் அறவீடு எல்லாம் சேர்த்து மொத்தம் 1.12 வீதம். வாங்கும்போது ஒரு தடவை, விற்கும்போது இன்னொரு தடவை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50,000 ரூபாவுக்கு வாங்கி அதே விலைக்கு விற்றாலும் 1,120 ரூபா போய்விடும். மாதம் இரு தடவை அப்படிச் சுழற்றினால் ஆண்டில் 26,880 ரூபா. பங்கு ஒரு சதமும் இறங்காமலே முதலில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். "இன்றே வாங்கு, நாளை விற்பாய்" என்று கைப்பேசியில் மணியடிக்கும் செயலி யாருக்காக உழைக்கிறது என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது.

கட்டணம் இல்லாத இடங்களிலும் இலவசம் கிடையாது. அமெரிக்காவில் கட்டணமின்றிப் பங்கு விற்ற ரொபின்ஹூட், வாடிக்கையாளரின் கட்டளைகளைப் பெரும் வணிக நிறுவனங்களுக்கு அனுப்பி அவர்களிடம் பணம் பெற்றது. 2021 ஜனவரியில் கேம்ஸ்டொப் பங்கு கொதித்தபோது அதை வாங்கும் பொத்தானையே மூடியது. இந்தியாவில் 2019 நவம்பரில் கார்வி நிறுவனம் வாடிக்கையாளர் தந்த அதிகாரப் பத்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தி, அவர்களின் பங்குகளை அடகு வைத்தது அம்பலமாயிற்று. பெயர் பெற்ற, பழைய, உரிமம் உள்ள நிறுவனம் அது. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் பங்கு முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 வீதமானோர் நட்டமடைந்ததாக இந்தியாவின் செபியே அறிக்கையிட்டது.

ஆகவே மருமகனுக்கு நான் சொன்னவை மூன்று.

முதலாவது, பங்கு உன் பெயரில் மத்திய வைப்பகத்தில், அதாவது தரகர்கள் சீ.டி.எஸ். என்று சொல்லும் இடத்தில், இருக்க வேண்டும். தரகரின் திரையை மட்டும் நம்பாதே. வைப்பகத்தின் கணக்கறிக்கையோடு ஒப்பிட்டுப் பார். கனடாவிலிருந்து அண்ணன் பணம் அனுப்பி உன் பெயரில் வாங்கினால் சட்டப்படி அது உன்னுடையது. நாளை சகோதரருக்குள் வழக்கு வரும். வெளிநாட்டில் உள்ளவர் தம் பெயரில் முதலிட உள்முக முதலீட்டுக் கணக்கு என்ற வழி இருக்கிறது.

இரண்டாவது, தரகர் கடன் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடு. 2021 இறுதியில் 12,226 புள்ளியில் நின்ற கொழும்பு அனைத்துப் பங்கு விலைச்சுட்டி 2022 இறுதியில் 8,489இல் நின்றது. சொந்தக் காசில் வாங்கியவர் காத்திருந்தார். கடனில் வாங்கியவரின் பங்குகளோ, அவர் சம்மதத்துக்குக் காத்திராமல் தாழ்ந்த விலையில் விற்கப்பட்டன.

மூன்றாவது, வாசித்து விளங்காத தாளில் கையெழுத்திடாதே.

இந்த மூன்றாவதுதான் என்னைக் கோபங்கொள்ள வைப்பது. உரிமம் பெற்ற இரு நிறுவனங்களில் ஒன்றின் உடன்படிக்கையைத் தரவிறக்கினோம். நுண்ணிய எழுத்தில் முழுவதும் ஆங்கிலம். தமிழ்ப் படிவம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தபோது, "கையெழுத்து வைத்து அனுப்புங்கள், பிரச்சினையில்லை" என்றார் மறுமுனையில் இருந்தவர். தமிழும் அரசகரும மொழி என்று 13ஆம் திருத்தம் சொன்னது 1987இல். விளம்பரத்துக்குத் தமிழ் உண்டு; பொறுப்புத் துறப்புக்குத் தமிழ் இல்லை. தமிழ் உடன்படிக்கை இல்லாத தரகருக்கு உரிமம் புதுப்பிக்கப்படாது என்று ஆணைக்குழு ஒரு வரி எழுதினால் போதும். ஏன் எழுதவில்லை?

முதலிடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியபோது வங்கிச் சேமிப்பு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இது 2006இல் சம்பூர்ப் பக்கமிருந்து ஓடிவந்தவர்களின் முகாம் ஆண்டுக்கணக்காக நின்ற ஊர். தாலிக்கொடியை அடகு வைத்து வீட்டை இரண்டாம் தடவை கட்டியவர்கள் இங்கே இருக்கிறார்கள். கொழும்பில் ஒருவர் 'இழந்தாலும் பரவாயில்லை' என்று போடும் காசு வேறு. இந்தக் காசு வேறு. இவர்களிடம் போய் 'துணிந்தவருக்கே இலாபம்' என்பது அயோக்கியத்தனம்.

அக்காவின் வீட்டுக்குப் புதுக்கூரை போட்டாயிற்று. மிஞ்சியதில் 20,000 ரூபாவை வைத்துக்கொண்டு, தமிழில் உடன்படிக்கை தரும் தரகரை மருமகன் தேடிக்கொண்டிருக்கிறான். கிடைத்தால் எழுதுகிறேன்.