முகம் காணா வகுப்பு

நுழையும்முன்

வகுப்பறையில் ஆசிரியர் மாணவரின் முகம் பார்த்துப் பாடம் நடத்துகிறார். ஒருவரின் நெற்றி சுருங்கினால் விளக்கத்தை மாற்றுகிறார். கண்கள் ஒளிர்ந்தால் அடுத்த கருத்துக்குச் செல்கிறார். வானொலியும் தொலைக்காட்சியும் இணையமும் அம்முகத்தை அவருக்கு முழுமையாகக் காட்டுவதில்லை. காணாத மாணவருக்குப் பாடம் எவ்வாறு அமைய வேண்டும்? இவ்வினாவை ஆராய்ந்து ஒரு கருத்தை முன்வைக்கிறது இக்கட்டுரை.

பூட்டிய பள்ளிகளும் திறந்த திரைகளும்

கொரோனா பெருந்தொற்றின் காரணமாக 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. உயர் வகுப்புகள் இடையில் சிறிது காலம் நடந்தன. எனினும், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் சிறுவர்கள் 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் மீண்டும் பள்ளிக்குள் நுழைந்தனர். அந்நெடிய இடைவெளியை நிரப்பப் பல முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. 2019 ஆகஸ்டு 26 அன்று தொடங்கப்பெற்றிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் எனப்படும் புலனத்தில் குழுக்கள் அமைத்தனர். காணொலிக் கூட்டங்கள் வழியே வகுப்பெடுத்தனர்.

சிலர் கற்றனர், பலர் பின்தங்கினர். திறன்பேசி இல்லாமையும் இணைய இணைப்பின் குறைபாடுமே இதற்குக் காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அது உண்மையே. ஆனால், கருவியும் இணைப்பும் இருந்த வீடுகளிலும் பல மாணவர்கள் பாடத்தைத் தொடர இயலாமல் விலகினர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வகுப்பறையில் நாற்பது நிமிடம் நடந்த பாடம் அப்படியே திரைக்கு மாற்றப்பட்டது; பாடத்தின் இடம் மாறியதே தவிர, வடிவம் மாறவில்லை. தொலைநிலை வகுப்பைக் கற்பவர் அமர்ந்திருக்கும் வீட்டிலிருந்து தொடங்கித் திட்டமிட வேண்டும். அவ்வாறு திட்டமிடாத வகுப்பு, எத்தனை உயர்ந்த கருவி கொண்டு நடத்தினும், ஏற்கெனவே வாய்ப்புள்ளவருக்கே பயன்படும்.

ஓர் ஊர், பல வீடுகள்

திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் சாலையில் அமைந்த ஊர் பாவூர்சத்திரம். 2019 நவம்பர் 22 அன்று உருவான தென்காசி மாவட்டத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்று இங்குள்ளது. கேரளத்துக்கு இங்கிருந்து காய்கறிகள் செல்கின்றன. சுற்றுப்புறச் சிற்றூர்களில் உழவும், வீட்டிலிருந்தே பெண்கள் பீடி சுற்றுவதும் வாழ்வாதாரமாக விளங்குகின்றன.

இவ்வட்டாரத்து மாணவர் சிலரின் காலைப் பொழுதை எண்ணிப் பார்ப்போம். ஒரு வீட்டில் இருப்பது ஒரே திறன்பேசி. சந்தைக்குச் செல்லும் தந்தை அதை எடுத்துச் சென்றுவிடுகிறார். அது மாலையில்தான் வீடு திரும்பும். மற்றொரு வீட்டில் மடியில் சுளகோடு அமர்ந்து தாய்க்கு உதவியாகப் பீடி சுற்றுகிறாள் மகள். அவளுடைய கைகளும் கண்களும் வேலையில் இருக்கின்றன. செவி மட்டும் ஓய்வாக இருக்கிறது. இன்னொரு வீட்டில் அண்ணன், தங்கை இருவருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு. சாரல் காலத்தில் காற்று வீசினால் மின்சாரம் தடைப்படுவதும் உண்டு.

காலை பத்து மணிக்கு நேரலையில் நடைபெறும் காணொலி வகுப்பு இவர்களுள் எவருக்கும் உரியதாகாது. அதே பாடம் ஒலிப்பதிவாகக் கிடைத்தால் பீடி சுற்றும் மாணவி கேட்பாள். மாலையில் தரவிறக்கிக்கொள்ளும் வகையில் இருந்தால் சந்தைத் தொழிலாளியின் மகன் கற்பான். கற்பவர் நிலையை அறிந்து பாடத்தை அமைத்தல் சலுகை அன்று. ஆசிரியப் பணியின் முதற்கூறு.

நன்னூல் காட்டும் நெறி

இக்கருத்து தமிழுக்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இலக்கணத்தைத் தொடங்குமுன் பொதுப்பாயிரத்தில் கற்பித்தலையும் கற்றலையும் விரிவாகப் பேசுகிறது. பாடம் சொல்பவர் காலத்தையும் இடத்தையும் ஆராய வேண்டும். சொல்ல வேண்டிய பொருளை முன்னரே உள்ளத்தில் ஒழுங்குபடுத்த வேண்டும். பதற்றமும் சினமும் இன்றி, மாணவர் எவ்வாறு ஏற்பார் என்பதை உணர்ந்து சொல்ல வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. இன்று 'பாடத்திட்டமிடல்' என வழங்கப்படுவதன் சாரம் இதில் அடங்கியுள்ளது.

கற்றல் எவ்வாறு நிறைவுறுகிறது என்பதற்கும் நன்னூல் ஒரு கணக்குத் தருகிறது. ஆசிரியர் கூறியதை நன்கு கேட்டுக்கொண்டாலும் மாணவர் பெறுவது நான்கில் ஒரு பங்கே. உடன் பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு பங்கு கிடைக்கும். எஞ்சிய இரு பங்கும் தாம் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே கைகூடும். இக்கணக்கை அளவுகோலாகக் கொண்டால் தொலைநிலை வகுப்புகளின் பெருங்குறை தெளிவாகும். ஆசிரியர் பேச, மாணவர் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் கேட்கும் வகுப்பு, அம்முதற்பங்கோடு நின்றுவிடுகிறது. மீதமுள்ள மூன்று பங்குகளுக்கும் திட்டத்தில் இடமளிப்பதே சிறந்த வடிவமைப்பாகும்.

முன்னோடிகள் கற்பித்த பாடம்

இணையம் தோன்றுவதற்கு முன்பே இதனை உணர்ந்து செயற்பட்டோர் உளர். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், ஒன்றற்கொன்று நெடுந்தொலைவிலுள்ள கால்நடைப் பண்ணைகளில் வாழ்ந்த சிறுவர்களுக்காக 1951ஆம் ஆண்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 'வான்வழிப் பள்ளி' தொடங்கப்பட்டது. பறக்கும் மருத்துவர் சேவைக்கென இருந்த வானொலித் தொடர்பே அதற்கும் பயன்பட்டது. அப்பள்ளியில் எழுத்துப் பாடங்கள் அஞ்சலில் சென்றன. வானொலி நேரம் சிறிதளவே. அந்நேரத்தில் சிறுவர்களும் பதில் பேசினர். வீட்டில் தாயோ வேறொருவரோ அருகிலிருந்து உதவினர். எளிய கருவியைக்கொண்டே இயங்கிய அப்பள்ளியின் வலிமை, எழுத்துக்கு எது, குரலுக்கு எது, வீட்டுத் துணைக்கு எது என்று பணியைப் பகுத்ததில் இருந்தது.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, 'சைட்' எனப்பட்ட செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடைபெற்றது. அமெரிக்காவின் நாசா நிறுவனம் தந்துதவிய ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் சென்றன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் இச்சோதனையில் முதன்மைப் பங்காற்றியது. இத்திட்டத்தின்கீழ்த் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அளித்த பயிற்சியில் தொலைக்காட்சி, வானொலி, அச்சிட்ட ஏடு, நேரடிக் குழுச் செயல்பாடு ஆகிய நான்கும் இணைக்கப்பட்டன.

ஒரு பாடத்தைத் திட்டமிடல்

பதினொன்றாம் வகுப்பு மாணவருக்குக் 'குற்றாலச் சாரல்' பற்றித் தொலைநிலையில் ஒரு பாடம் நடத்த வேண்டும் எனக் கொள்வோம். முதலில் நோக்கத்தை ஒரே தொடரில் எழுத வேண்டும்: 'ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலத்தில் பெய்யும் சாரல் கிழக்கே செல்லச் செல்லக் குறைவது ஏன் என்பதை மாணவர் தம் சொற்களில் விளக்குவார்.' இந்நோக்கத்துக்கு உதவாத செய்தி எத்துணைச் சுவையுடையதாயினும் விலக்கப்பட வேண்டும்.

அடுத்தது பகுத்தல். நாற்பது நிமிட விரிவுரையை ஐந்து ஐந்து நிமிடங்கள் கொண்ட மூன்று ஒலிப்பகுதிகளாக்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, மழையாவதை முதற்பகுதி கூறும். ஆரியங்காவுக் கணவாய் வழியே ஈரக்காற்று செங்கோட்டை, குற்றாலப் பகுதிகளுக்கு வருவதை இரண்டாம் பகுதி விளக்கும். மலையைக் கடந்து கீழிறங்கும் காற்று ஈரம் இழந்து, கிழக்கே மழைமறைவுப் பகுதியை உண்டாக்குவதை மூன்றாம் பகுதி உரைக்கும். ஒவ்வொரு பகுதியும் ஒரு வினாவோடு முடிய வேண்டும். உடன் மலையின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று போதும்.

ஊடகத்தைத் தேர்தல் மூன்றாம் படி. நொடிக்கு 64 கிலோபிட் அளவில் பதிவுசெய்த 15 நிமிட ஒலிப்பாடம் ஏறத்தாழ 7 மெகாபைட் அளவே கொள்ளும். நொடிக்கு 500 கிலோபிட் வீதம் செல்லும் 40 நிமிடக் காணொலிக்கு 150 மெகாபைட் தேவை. ஒன்று மற்றதைப்போல் இருபது மடங்கு! அசைவைக் காட்டியே ஆக வேண்டிய இடத்தில் மட்டும் காணொலியைப் பயன்படுத்துவது, தரவுக்குப் பணம் செலுத்தும் பெற்றோரை மதிப்பதாகும். இணைப்பே இல்லாத வீட்டுக்கு அதே பாடம் அச்சிட்ட ஒரு தாளாகச் செல்ல வேண்டும்.

நான்காம் படியில்தான் தொலைநிலை வகுப்பின் தனிச்சிறப்பு வெளிப்படுகிறது. மாணவர் மூன்று நாள்கள் தம் வீட்டு வாசலில் நின்று மேற்கே மலையை நோக்கி, முகில், காற்று, தூறல் ஆகியவற்றைக் குறிப்பர். செங்கோட்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம் என வெவ்வேறு ஊர்களில் இருப்போர் தம் குறிப்புகளை ஒப்பிடுவர். நான்கு சுவருக்குள் அமர்ந்த வகுப்பால் இயலாத ஆய்வு இது. மாணவர்கள் பிரிந்திருப்பதே இங்குப் பாடத்துக்குத் துணையாகிறது. உடன் பயில்வோரிடம் கற்கும் பங்கும் இதனால் நிறைகிறது.

இறுதிப்படி, மறுமொழி. மாணவர் தாம் அறிந்ததை இரண்டு நிமிடக் குரற்பதிவாகவோ, தாளில் எழுதியோ, வீட்டிலுள்ள தம்பி தங்கைக்கு விளக்கியோ வெளிப்படுத்த வேண்டும். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரியேனும் பதில் தர வேண்டும். 'கேட்கிறதா?' என்ற வினாவுக்கு வரும் 'கேட்கிறது ஐயா' என்னும் விடை, பாடம் புரிந்ததற்குச் சான்றாகாது.

மாணவரும் வடிவமைப்பாளரே

கருத்தரங்கிலோ போட்டியிலோ இணையவழியில் உரையாற்றும் வாய்ப்பு இன்று மாணவர்க்கும் வருகிறது. மேற்கூறிய நெறிகள் அவர்க்கும் பொருந்தும். கேட்போர் யார், உரை முடிந்தபின் அவர்கள் எதை நினைவிற்கொள்ள வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்க. ஒரு படவில்லையில் ஒரு கருத்தே இடம்பெறட்டும். திரையில் உள்ளதை அப்படியே வாசித்தால் கேட்போருக்கு உரை தேவைப்படாது. கடிகாரத்தை வைத்து ஒருமுறை பேசிப் பழகுக. வினாக்களைக் கவனிக்க நண்பர் ஒருவரைத் துணை கொள்க. இணைப்பு அறுந்தால் தொலைபேசி வழியே தொடரும் மாற்று ஏற்பாடும் தேவை.

மறுப்புரைகளும் விடைகளும்

நேரலையில் கிடைக்கும் உயிர்ப்பு பதிவில் இராது என்பர். உண்மையே. ஆதலால், விளக்கத்தைப் பதிவுக்கு விட்டு, ஐயம் தீர்த்தலுக்கும் விவாதத்துக்கும் நேரலையை ஒதுக்குவது தக்கது. மீண்டும் மீண்டும் கேட்க வேண்டியது விளக்கம். உடனே பதில் வேண்டுவது ஐயம்.

இவ்வாறு திட்டமிட ஆசிரியருக்கு நேரம் ஏது என்றும் வினவலாம். ஒவ்வொரு நாளும் ஆறு பாடவேளைகளைத் திரையில் நிரப்ப முயன்றால் நேரம் போதாதுதான். பாடங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஓர் ஒன்றியத்து ஆசிரியர்கள் தம்முள் பகிர்ந்துகொண்டால் இச்சுமை தாங்கத்தக்கதாகும். மேலோட்டமான பத்துப் பாடங்களைவிட ஆழ்ந்து அமைந்த மூன்று பாடங்கள் மிகுந்த பயன் தரும்.

தொலைநிலை வகுப்பு பள்ளிக்கு மாற்றாகுமா? ஆகாது. பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பெற்றது. தன்னார்வலர்கள் மாலைவேளையில் குழந்தைகளின் அருகமர்ந்து கற்பித்தனர். திரையால் இயலாத பணிக்கு மனிதரே நேரில் செல்ல வேண்டியிருந்தது என்பதை இத்திட்டம் உணர்த்துகிறது. ஆயினும் வெள்ளம், புயல், நோய் ஆகியவற்றால் பள்ளிக் கதவுகள் மீண்டும் மூடப்படும் நாள் வரலாம். தம் ஊரில் கிடைக்காத ஒரு துறையறிஞரின் உரையை மாணவர் தொலைவிலிருந்தே கேட்க விரும்பலாம். அந்நாளுக்கான ஆயத்தம் இன்றே தொடங்க வேண்டும்.

ஒரு தொலைநிலை வகுப்பின் வெற்றியை அதில் இணைந்தோரின் எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. இணைய இயலாதவர் யார், இணைந்தும் ஒரு சொல் பேசாமல் விலகியவர் யார் என்று கேட்பதே நேர்மையான மதிப்பீடு. வருகைப் பட்டியலின் கடைசியில் இருக்கும் அப்பெயருக்கு உரியவரை மனத்திற்கொண்டு முதல் வரியை எழுதும் ஆசிரியரின் பாடம், முதலிடத்தில் இருப்பவருக்கும் தெளிவாகவே சென்று சேரும்.